புற்றுக்கு வழிவிடும் வெள்ளையணுக்கள்

அறுவை சிகிச்சையில் எடுத்த மார்பகக் கட்டியை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் நோயியல் மருத்துவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அந்தக் கட்டியில் இருப்பதெல்லாம் புற்றுச்செல் இல்லை. ரத்தக்குழாய்கள் இருக்கும், நார்த்திசுச் செல்கள் இருக்கும், அவற்றுக்கு நடுவே ஏராளமான வெள்ளையணுக்கள் இருக்கும். சில மார்பகக் கட்டிகளில் மேக்ரோபேஜ் என்ற ஒரேயொரு வகை வெள்ளையணு மட்டுமே கட்டியின் நிறையில் பாதிவரை வந்துவிடுகிறது. நோயை விரட்டவேண்டியவை நோயின் நடுவிலேயே இத்தனை கூட்டமாகக் குடியிருந்துகொண்டு என்னதான் செய்கின்றன?

சண்டை போடுகின்றன என்பதுதான் நமக்குச் சொல்லித்தரப்பட்ட பதில். பள்ளிப் பாடப் படங்களில் வெள்ளையணுவுக்குச் சிப்பாய் வேஷம். கிருமி எதிரி, ரத்தம் போர்க்களம். இந்த வேஷத்தில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். கடந்த 25 ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கும் மறுபாதி கொஞ்சம் சங்கடமானது. கட்டிக்கு ரத்தக்குழாய் வரவழைப்பது, புற்றுச்செல் நகர்ந்து வெளியேற வழி திறப்பது, ரத்தத்தில் துணைக்குப் போவது, தொலைவிலுள்ள உறுப்பில் முன்கூட்டியே இடம் தயார்செய்வது, ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடந்த புற்றுச்செல்லைத் தட்டியெழுப்புவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோவொரு நோய் எதிர்ப்புச் செல்லின் கை இருக்கிறது.

இதை ஆய்வாளர்களின் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது. புற்றுநோய் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் முதலில் தோன்றிய கட்டி இல்லை, அது பரவியதுதான். மார்பில் இருக்கும்வரை வெட்டி எடுத்துவிடலாம். நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் போன பிறகுதான் மருத்துவரின் முகம் மாறுகிறது. அந்தப் பயணத்துக்கு உதவுவது யார் என்பது நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

புற்றுக்கட்டிக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை 1863-லேயே கவனித்தவர் பெர்லினில் இருந்த ருடால்ஃப் விர்க்கோ. தொடர்ந்து அழற்சி நடக்கும் இடத்தில்தான் புற்று முளைக்கிறதோ என்று அவர் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் நூறு ஆண்டுக்கு மேல் தூசி படிந்து கிடந்தது. 1986-ல் பாஸ்டனின் ஹெரால்டு ட்வோராக் அதைத் தூசி தட்டி எடுத்து, புற்றுக்கட்டி என்பது ஆறாத புண் என்று எழுதினார். வெட்டுக்காயம் பட்டால் அந்த இடத்தில் ரத்தக்குழாய் கசிகிறது, ஃபைப்ரின் என்ற புரதம் உறைகிறது, வெள்ளையணுக்கள் வந்து குப்பையை அகற்றுகின்றன, புதுக் குழாய்கள் முளைக்கின்றன, புதுத் திசு வளர்கிறது. கட்டியிலும் இதேதான், இதே வரிசையில் நடக்கிறது. காயம் ஆறியதும் வேலை நின்றுவிடும், கட்டியில் நிற்பதே இல்லை. இந்தக் கட்டுரையில் மீதி வரப்போவது எல்லாம் ட்வோராக்கின் அந்த ஒரு கருத்துக்கு விரிவுரைதான் என்றுகூடச் சொல்லலாம்.

பல் முளைக்காத எலிகள்

கருத்து வேறு, நிரூபணம் வேறு. நிரூபணம் வந்தது 2001-ல், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியிலிருந்து. அங்கே ஜெஃப்ரி பொல்லார்டும் இலெய்ன் லின்னும் இரண்டு வகை எலிகளை இணைசேர்த்தார்கள். ஒரு வகை எலிக்கு மார்பகப் புற்று வந்தே தீரும். அதன் மரபணுவில் அப்படி மாற்றியிருக்கிறார்கள். அந்தப் புற்று சில வாரங்களில் நுரையீரலுக்கும் பரவிவிடும். மற்றொரு வகை எலி பிறவியிலேயே ஒரு குறையோடு வருவது. மேக்ரோபேஜ்கள் உருவாகவும் பிழைத்திருக்கவும் தேவையான சிஎஸ்எஃப்-1 என்ற புரதம் அதன் உடலில் இல்லை. எலும்பைக் கரைத்துச் சீரமைக்கும் செல்களும் மேக்ரோபேஜின் சொந்தக்காரர்கள் என்பதால் அவையும் குறைவு. எலும்பு தடித்துப்போகும், பல் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே வராது. இப்படிப்பட்ட எலிகளுக்கு மாவாக அரைத்த தீனிதான் கொடுக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்து பிறந்த குட்டிகளுக்கும் மார்பகப் புற்று வந்தது. வந்த வேகத்திலும் வளர்ந்த அளவிலும் வித்தியாசமே இல்லை. ஆனால் அது முற்றி மோசமான நிலைக்குப் போவது தாமதமானது, நுரையீரலுக்குப் பரவுவது ஏறத்தாழ நின்றே போனது. அடுத்து, இல்லாத அந்தப் புரதத்தை மார்புத் திசுவில் மட்டும் திரும்பச் சுரக்கவைத்தார்கள். மேக்ரோபேஜ்கள் திரும்பி வந்தன. நுரையீரலில் புற்றும் திரும்பி வந்தது.

இந்த முடிவின் அழகு அதன் கூர்மையில் இருக்கிறது. கட்டி தோன்றுவதற்கு மேக்ரோபேஜ் தேவைப்படவில்லை. கட்டி வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குத்தான் அது தேவைப்பட்டது.

எப்படிக் கிளம்புகிறது என்பதை அதே கல்லூரியில் ஜான் காண்டீலிஸ் கண்ணால் பார்த்தார். உயிருள்ள எலியின் கட்டிக்குள் லேசர் ஒளியைச் செலுத்திப் படம்பிடிக்கும் முறை அவருடையது. புற்றுச்செல்லும் மேக்ரோபேஜும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, கொலாஜன் நார்களைப் பிடித்துக்கொண்டு ரத்தக்குழாயை நோக்கி நகர்வது அதில் தெரிந்தது. மேக்ரோபேஜ் இஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கிறது. அதை முகர்ந்து புற்றுச்செல் நகர்கிறது. புற்றுச்செல் சிஎஸ்எஃப்-1 சுரக்கிறது. அதை முகர்ந்து மேக்ரோபேஜ் நகர்கிறது. இரண்டில் எதன் சமிக்ஞையை அடைத்தாலும் இரண்டுமே நின்றுவிடுகின்றன. ரத்தக்குழாயின் ஓரத்தில் ஏற்கெனவே வேறொரு மேக்ரோபேஜ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது விஇஜிஎஃப் என்ற புரதத்தை விடுவிக்க, குழாய்ச்சுவரின் செல்களுக்கு இடையிலான பிணைப்பு சில நிமிடங்களுக்குத் தளர்கிறது. அந்த இடைவெளியில் புற்றுச்செல் ரத்தத்துக்குள் நழுவுகிறது.

மேக்ரோபேஜ், புற்றுச்செல், குழாய்ச்சுவர்ச் செல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இந்த இடங்களை நோயாளிகளின் பயாப்ஸித் துண்டுகளிலும் எண்ண முடியும். 2009-ல் வெளியான ஆய்வில், பின்னாளில் வேறு உறுப்புகளுக்குப் புற்று பரவிய பெண்களின் கட்டிகளில் இந்த மும்முனைச் சந்திப்புகள் அதிகம் இருந்தன. ஆக இது எலிக்கு மட்டுமே உரிய கதை இல்லை.

பழைய வேலை, புது இடம்

நாம் உண்ட உணவில் வளர்ந்த செல் நமக்கே துரோகம் செய்யுமா என்று கேட்கத் தோன்றும். துரோகம் என்ற எண்ணமே இங்கே நம்மை வழி தவறவைக்கிறது. மேக்ரோபேஜ் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு வரவில்லை. பருவ வயதில் மார்பகத்தின் பால்குழாய்கள் கிளைவிட்டு வளரும்போது அந்த வளரும் முனைகளைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் நிற்கின்றன. அவை இல்லாத எலிகளில் கிளைகள் சரியாக விரியவில்லை என்பதை இதே பொல்லார்டு குழு முன்பே காட்டியிருந்தது. கருவில் உறுப்பு உருவாகும்போதும், காயம் ஆறும்போதும் திசுவைக் குழைத்து வழிவிடுவதும், குழாய் இழுத்து வருவதும், கழிவை விழுங்குவதும் அவற்றின் அன்றாட வேலை. வரச்சொன்ன இடத்தில் சுவர் எழுப்பும் கொத்தனார் அந்த மனைக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. காயம் சுரக்கும் அதே வேதிப்பொருள்களைப் புற்றுச்செல்லும் சுரக்கிறது. அழைப்பு வருகிறது, மோனோசைட்டுகள் ரத்தத்திலிருந்து இறங்குகின்றன, மேக்ரோபேஜாக மாறுகின்றன, வேலையை ஆரம்பித்துவிடுகின்றன.

மேக்ரோபேஜ்களை நல்லவை, கெட்டவை என்று எம்1, எம்2 எனப் பெயரிட்டு இரண்டாகப் பிரிப்பது சில காலம் நாகரிகமாக இருந்தது. கிருமியைக் கொல்லும் நிலை முதலாவது, திசுவைப் பழுதுபார்க்கும் நிலை இரண்டாவது. பாடம் நடத்த வசதியான பிரிவுதான். ஆனால் ஒரே கட்டிக்குள் இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனையோ நிலைகளில் அவை இருக்கின்றன. ஆக்ஸிஜன் குறைந்த நடுப்பகுதியில் ஒரு மாதிரி, ரத்தக்குழாய் ஓரத்தில் வேறு மாதிரி. மேடைப் பேச்சுக்கு உதவும் இருமை, மருந்து தயாரிப்பவர்களுக்கு உதவவில்லை.

ரத்தத்தில் துணை

ரத்தத்துக்குள் விழுந்த புற்றுச்செல்லுக்கு ஆயுள் கெட்டியில்லை. ஓட்டத்தின் உராய்விலேயே பல சிதைந்துபோகும். இயற்கைக் கொல்லிச் செல்கள் எனப்படும் என்கே செல்கள் பலவற்றைத் தீர்த்துக்கட்டும். கட்டியிலிருந்து கிளம்பும் செல்களில் மிகமிகச் சிலவே வேறிடத்தில் குடியேறுகின்றன. அந்தச் சில எவை?

2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நிக்கோலா அசேட்டோவின் குழு மார்பகப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தைச் சலித்தது. தனியாக மிதந்த புற்றுச்செல்கள் பல. வெள்ளையணுவோடு ஒட்டிக்கொண்டு மிதந்தவை சில. ஒட்டியிருந்த வெள்ளையணு பெரும்பாலும் நியூட்ரோபில். நம் ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் வெள்ளையணு அதுதான். புண்ணில் சீழாகத் தெரிவதும் பெரும்பாலும் இறந்த நியூட்ரோபில்களே. துணையோடு போன புற்றுச்செல்கள் பிரிந்து பெருகுவதற்கு ஆயத்தமான நிலையில் இருந்தன. அப்படிப்பட்ட ஜோடிகள் ரத்தத்தில் தென்பட்ட நோயாளிகளுக்கு நோய் சீக்கிரமாக முன்னேறியது. இரண்டையும் ஒட்டவைக்கும் விகேம்-1 என்ற புரதத்தை எலிகளில் நீக்கியபோது ஜோடி சேர்வது நின்றது, பரவலும் குறைந்தது.

ஆம்ஸ்டர்டாமில் கரின் டி விஸ்ஸரின் குழு 2015-ல் கண்டது இன்னொரு சங்கிலி. எலிகளில் மார்பகக் கட்டி டி செல் என்ற வெள்ளையணுக்களில் ஒரு வகையைத் தூண்டுகிறது, அது இன்டர்லூக்கின்-17 என்ற புரதத்தைச் சுரக்கிறது, அதனால் நியூட்ரோபில்கள் பெருகுகின்றன, அந்த நியூட்ரோபில்கள் புற்றைக் கொல்லக்கூடிய டி செல்களை முடக்கிவிடுகின்றன. ஒரு வெள்ளையணு இன்னொன்றைக் கொண்டு மூன்றாவதன் கையைக் கட்டிப்போடுகிறது.

நிலம் தயாராகிறது

எங்கே இறங்குவது என்பது தற்செயல் இல்லை என்று 1889-லேயே சொன்னவர் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவேடுகளைப் புரட்டினார். கல்லீரலில் புற்று பரவியிருந்தது 241 பேருக்கு, மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு. இரண்டு உறுப்புக்கும் ரத்தம் போகத்தானே செய்கிறது? செடியிலிருந்து விதை எல்லாத் திசைக்கும் பறக்கும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் விளக்கம் சொன்னார்.

மண் தானாக அமைந்ததா, உழுது வைக்கப்பட்டதா என்ற கேள்வி நூற்றாண்டு கடந்து வந்தது. 2005-ல் நியூயார்க்கின் டேவிட் லைடன் குழு எலிகளில் காட்டியது இது: கட்டி ஓரிடத்தில் வளர்ந்துகொண்டிருக்கும்போதே எலும்பு மஜ்ஜையிலிருந்து சில இளம் ரத்தச் செல்கள் கிளம்பி, புற்று பின்னால் பரவப்போகும் உறுப்பில் முன்னதாகவே போய்க் கூடுகின்றன. புற்றுச்செல் அங்கே வந்து சேர்வதற்கு முன்பே. மெலனோமா என்ற தோல்புற்று சுரக்கும் திரவத்தை எடுத்து, நுரையீரல் புற்றுள்ள எலிகளுக்குச் செலுத்தினார்கள். வழக்கமாக ஓரிரு உறுப்புகளுக்கே போகும் அந்தப் புற்று, மெலனோமா போகும் இடங்களுக்கெல்லாம் போனது. எங்கே போகவேண்டும் என்பதை முடிவு செய்ததில் முன்னால் போன மஜ்ஜைச் செல்களுக்குப் பங்கு இருந்தது.

உறங்கும் செல், எழுப்பும் வலை

மார்பகப் புற்றுக்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, பத்து ஆண்டு நலமாக இருந்த பிறகு நுரையீரலிலோ எலும்பிலோ அது திரும்பி வருவதுண்டு. இத்தனை காலமும் அந்தச் செல்கள் எங்கே இருந்தன என்று குடும்பத்தார் கேட்பார்கள். அங்கேயேதான் இருந்தன, பெருகாமல் உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எழுப்பியது எது என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகளில் ஒன்று நியூட்ரோபிலிடம் போய் நிற்கிறது.

2004-ல் பெர்லினின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஆர்ட்டுரோ சைக்லின்ஸ்கியும் குழுவினரும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். கிருமியைக் கண்ட நியூட்ரோபில் தன் டிஎன்ஏ-வையே வெளியே வலைபோல வீசுகிறது. அந்த இழைகளில் கிருமியைக் கொல்லும் என்சைம்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கிருமி சிக்கிச் சாகும். தற்கொலைப் படை என்று சொல்லத் தோன்றும் காரியம். கிருமியை வளைக்கும் இந்த வலை புற்றுச்செல்லை என்ன செய்யும்?

அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மிக்கேலா எகெபிளாட் குழு 2018-ல் இதைச் சோதித்தது. நுரையீரலில் மார்பகப் புற்றுச்செல்கள் உறங்கிக் கிடக்கும் எலிகள். அவற்றில் சிலவற்றைப் புகையிலைப் புகைக்கு உட்படுத்தினார்கள். சிலவற்றின் நுரையீரலில் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைச் செலுத்தி அழற்சி உண்டாக்கினார்கள். நியூட்ரோபில்கள் குவிந்தன, வலை வீசின. வலையில் ஒட்டியிருந்த இரண்டு என்சைம்கள் நுரையீரல் திசுவைத் தாங்கும் லாமினின் என்ற புரதத்தைக் குறிப்பிட்ட இடத்தில் அறுத்தன. அறுபட்ட இடத்தில் இதுவரை மறைந்திருந்த ஒரு முகம் வெளியே தெரிந்தது. பக்கத்தில் உறங்கிய புற்றுச்செல் அதைத் தொட்டு உணர்ந்து, பிரிந்து பெருக ஆரம்பித்தது. வலையை டிஎன்ஏ சிதைக்கும் என்சைம் கொண்டு கரைத்தபோதும், லாமினினின் அந்த முகத்தை மூடும் ஆன்டிபாடியைக் கொடுத்தபோதும் புற்றுச்செல்கள் உறக்கம் கலையவில்லை.

2025 ஜூலையில் இதன் அடுத்த அத்தியாயம் வந்தது. கொலராடோவின் ஜேம்ஸ் டிகிரெகோரியும், மறுபடியும் அதே ஐன்ஸ்டீன் கல்லூரியின் ஜூலியோ அகீரே-கிசோவும் சேர்ந்து செய்தது. இன்ஃப்ளுயன்சா அல்லது கோவிட் வைரஸ் தொற்றிய எலிகளின் நுரையீரலில் உறங்கிய மார்பகப் புற்றுச்செல்கள் சில நாள்களிலேயே விழித்துப் பெருகின. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்லூக்கின்-6 இல்லாத எலிகளில் இந்த எழுச்சி பெரிதும் அடங்கியிருந்தது. தொற்று போன பிறகும் பெருகிய செல்கள் அழியவில்லை. உதவி டி செல்கள் எனப்படும் சிடி4 செல்களே அவற்றுக்குக் குடைபிடித்தன. பிரிட்டனில் புற்றிலிருந்து மீண்டவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, கோவிட் வந்தவர்களிடையே புற்று இறப்பு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு சளிக் காய்ச்சலுக்கும் யாரும் நடுங்க வேண்டாம். உறங்கும் செல் எல்லாருக்கும் இருக்கும் என்பதும் இல்லை, ஒவ்வொரு தொற்றும் அதை எழுப்பும் என்பதும் இல்லை. சிகிச்சை முடித்தவர்கள் ஃப்ளூ தடுப்பூசி பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்பது நல்லது. புகைப்பவர் வீட்டில் இருந்தால் அவரிடம் பேச இன்னொரு காரணமும் கிடைத்திருக்கிறது.

16 ஆண்டு காவல்

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், நோய் எதிர்ப்புச் செல்களை ஒட்டுமொத்தமாக அடக்கிவிட்டால் நல்லது என்று ஒருவர் முடிவுக்கு வரலாம். அதற்குப் பதில் 2003-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு மருத்துவக் குறிப்பில் இருக்கிறது. மெலனோமாவுக்குச் சிகிச்சை பெற்று, 16 ஆண்டு நலமாக வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்த ஒருவரின் சிறுநீரகங்கள் இருவருக்குப் பொருத்தப்பட்டன. மாற்று உறுப்பை உடல் ஏற்க வேண்டும் என்பதற்காக அந்த இருவருக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுப்பது வழக்கம். இருவருக்கும் மெலனோமா வந்தது. தானம் தந்தவரின் மெலனோமா. அவர் உடலில் 16 ஆண்டாகப் பெருகாமல் இருந்த செல்கள், காவல் இல்லாத உடலுக்குப் போனதும் தலைதூக்கிவிட்டன.

ஆக, காவலும் உண்மை, வழிவிடுவதும் உண்மை. எந்தச் செல், எந்த இடத்தில், எந்தச் சமிக்ஞையின் கீழ் என்பதுதான் விஷயம். பாரிஸில் ஜெரோம் காலோன் 2006-ல் பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் டி செல்களை எண்ணினார். கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் கொல்லும் டி செல்கள் அடர்ந்திருந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். கட்டியின் அளவையும் பரவலையும் வைத்துப் போடும் வழக்கமான ஸ்டேஜ் கணக்கைவிட இந்த எண்ணிக்கை சரியாக முன்னறிவித்தது. 13 நாடுகளின் 2,681 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2018-ல் அதை உறுதிசெய்தது.

ஆனால் எல்லா டி செல்லும் கொல்வதில்லை. 1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டிய ரெகுலேட்டரி டி செல்கள் மற்ற டி செல்களைக் கட்டுக்குள் வைப்பவை. அவை இல்லாவிட்டால் உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும். இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ன் மருத்துவ நோபல் கிடைத்தது. இதே செல்கள் சினைப்பைப் புற்றுக் கட்டிக்குள் குவிந்திருந்தால் நோயாளியின் ஆயுள் குறைகிறது என்று 2004-ல் டைலர் கியூரியல் குழு காட்டியது. அவற்றைக் கட்டிக்குள் அழைத்துவந்தது சிசிஎல்22 என்ற புரதம். அதைச் சுரந்தவை புற்றுச்செல்களும், பக்கத்திலிருந்த மேக்ரோபேஜ்களும்.

டி செல்லின் கையைக் கட்டும் பிடி-1, சிடிஎல்ஏ-4 என்ற இரண்டு பூட்டுகளைத் திறக்கலாம் என்று காட்டியதற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பெற்ற கதை பலரும் அறிந்தது. இம்யூனோதெரபி என்று இன்று மருத்துவமனைகளில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். விலைதான் நம் ஊரில் எட்டாத உயரம். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு அந்த விஷயத்தில் கவனிக்கத்தக்கது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான மருந்துகளோடு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை 20 மில்லிகிராம் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். வழக்கமான அளவில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானது. இந்தியப் புற்று மருத்துவத்தில் சமீபத்தில் நடந்த மிக உருப்படியான காரியங்களில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

நிறுத்தியதும் பெருவெள்ளம்

வழிவிடும் செல்களைத் தடுக்கும் மருந்துகளின் கதை இவ்வளவு இனிமையாக இல்லை. மோனோசைட்டுகளைக் கட்டிக்கு அழைப்பது சிசிஎல்2 என்ற புரதம். அதை அடைத்தால் எலிகளில் பரவல் குறைந்தது. எல்லாரும் மகிழ்ந்த நேரத்தில், 2014-ல் பாசெலில் முகமது பென்டிரஸ்-அல்ஜ் குழு அந்த மருந்தை நடுவில் நிறுத்திப் பார்த்தது. மருந்து இருந்தவரை எலும்பு மஜ்ஜையில் அடைபட்டுக் கிடந்த மோனோசைட்டுகள், நிறுத்தியதும் மொத்தமாக வெளியே பாய்ந்தன. மருந்தே கொடுக்காத எலிகளைவிட இவற்றில் பரவல் அதிகமானது, இறப்பும் முந்தியது. மருந்தை நிறுத்துவது என்பது எந்த நோயாளிக்கும் என்றாவது வந்தே தீரும் நாள்.

2017-ல் வந்த இன்னொரு ஆச்சரியம் இதயப் பிரிவிலிருந்து. மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் பாஸ்டனின் பால் ரிட்கர் கனகினுமாப் என்ற மருந்தைச் சோதித்தார். இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை அடைப்பது அது. இதயத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் ஆய்வு. கணக்கெடுத்தபோது, அதிக அளவில் மருந்து பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் 77 சதவீதம் குறைவு. மருந்து நிறுவனம் உடனே நுரையீரல் புற்று ஏற்கெனவே வந்துவிட்டவர்களிடம் மூன்று பெரிய சோதனைகளை நடத்தியது. மூன்றுமே இலக்கை எட்டவில்லை. ஒரு கட்டத்தில் பலிக்கும் தடுப்பு இன்னொரு கட்டத்தில் பலிக்கவில்லை என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. போதாததற்கு, மருந்து பெற்றவர்களிடையே உயிர்கொல்லும் தொற்றுகள் சற்றே கூடியிருந்தன. அழற்சியை அடக்கினால் கிருமிக்கும் கதவு திறக்கும்.

தொடக்கக் கட்டத்தில் இந்தப் புரதம் என்ன செய்கிறது என்பதை 2023-ல் லண்டன் கிரிக் நிறுவனத்தின் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு விளக்கியது. புகைபிடிக்காதவர்களுக்கு ஏன் நுரையீரல் புற்று வருகிறது என்பது அவர்கள் கேள்வி. காற்றிலுள்ள பிஎம் 2.5 நுண்துகள் நுரையீரலுக்குள் போனதும் மேக்ரோபேஜ்கள் திரண்டு வந்து இன்டர்லூக்கின்-1 பீட்டா சுரக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் நுரையீரலிலும் வயதாக ஆகப் புற்றுக்கான மரபணுப் பிழை கொண்ட செல்கள் சில சேர்ந்திருக்கும். 295 பேரின் திசுக்களைச் சோதித்ததில் 18 சதவீத மாதிரிகளில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் அப்படிப்பட்ட பிழை இருந்தது. சும்மா இருக்கும் அந்தச் செல்களை மேக்ரோபேஜின் சுரப்பு கிளப்பிவிடுகிறது. நுண்துகள் புதுப் பிழையை உண்டாக்கவே வேண்டியதில்லை, இருக்கும் பிழைக்கு அழற்சி போதும்.

கோவிட் காலத்திலிருந்து நம் கடைகளில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, கஷாயம், சத்துமாவு என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள். புற்றுநோயாளிகளின் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருபவர்கள் ஆப்பிளுக்குப் பதில் இவற்றை வாங்கி வருகிறார்கள். கூட்டுவது என்றால் எதைக் கூட்டுவது? கொல்லும் டி செல்லையா, அதைக் கட்டிப்போடும் நியூட்ரோபிலையா, ரத்தக்குழாய்க் கதவைத் திறக்கும் மேக்ரோபேஜையா? பொடி விற்பவருக்கு அந்தக் கேள்வி இல்லை. சிகிச்சையில் இருப்பவர் எந்தப் பொடியையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

இப்போது ஆய்வாளர்களின் பார்வை திரும்பியிருப்பது பத்து ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் ஒரு மாத்திரையின் மேல். 2025 மார்ச்சில் கேம்பிரிட்ஜில் ராகுல் ராய்சவுத்ரியின் குழு, எலிகளில் 810 மரபணுக்களைத் தேடிப்பார்த்து, புற்றுப் பரவலைப் பாதிக்கும் 15-ஐக் கண்டது. அவற்றில் ஒன்று டி செல்லை அடக்கும் ஒரு புரதத்துக்குரியது. அந்த அடக்குமுறையைத் தூண்டுவது ரத்தத் தட்டணுக்கள் விடுவிக்கும் த்ராம்பாக்ஸேன் என்ற பொருள். த்ராம்பாக்ஸேனைக் குறைப்பது ஆஸ்பிரின். எலிகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தபோது டி செல்கள் கட்டவிழ்ந்தன, பரவல் குறைந்தது. மனிதரிடம் கணக்கு இன்னும் கலவையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் மார்பகப் புற்று சிகிச்சை முடித்தவர்களிடம் செய்து 2024-ல் வெளியான பெரிய ஆய்வில் ஆஸ்பிரினால் பலன் எதுவும் தெரியவில்லை. ஸ்வீடன் தலைமையில் நடந்து 2025-ல் வெளியான ஆய்விலோ, குறிப்பிட்ட மரபணு மாற்றம் கொண்ட பெருங்குடல் புற்று திரும்பி வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆஸ்பிரின் வயிற்றிலும் மூளையிலும் ரத்தக்கசிவு உண்டாக்கக்கூடியது என்பதால் தானாக வாங்கி விழுங்கும் விஷயம் இல்லை. மார்பகம், பெருங்குடல், உணவுக்குழாய்-இரைப்பை, புராஸ்டேட் ஆகிய நான்கு புற்றுகளுக்கும் 100 மில்லிகிராம், 300 மில்லிகிராம், வெற்று மாத்திரை என மூன்றாகப் பிரித்து ஐந்து ஆண்டு தொடரும் ஆட்-ஆஸ்பிரின் சோதனையைப் பிரிட்டன் நடத்துகிறது. இந்திய மருத்துவமனைகளின் நோயாளிகளும் அதில் சேர்ந்திருக்கிறார்கள்.